கணவருக்கும் ஒரு குருதிப் பரிசோதனை

(கிளிநொச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சின் பொருள் ‘தாய்சேய் நலம்’ என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது ‘கர்ப்பகாலத்தில் பாலியல் தொற்றுகள்’. அச்சகத்துக்குப் போகிற வழியில் யாரோ அதற்கு ஒரு போர்வை போர்த்திவிட்டிருக்கிறார்கள். குறை சொல்லவில்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் வரும் சபை என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் நான் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசப்போகிறேன்.

2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்று வழங்கியது. எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்பது அந்தச் சான்று. உலகில் இதை முதலில் பெற்றது கியூபா, 2015 இல். அடுத்த ஆண்டு தாய்லாந்து பெற்றது. மாலைதீவு எங்களுக்குச் சில மாதங்கள் முந்திக்கொண்டது. கிரிக்கெட் வெற்றி என்றால் வெடி கொளுத்தியிருப்போம். இந்தச் செய்தி பத்திரிகையின் உட்பக்கத்தில் வந்து போனது.

ஒழித்தல் என்றால் அடியோடு இல்லாமற் போவது என்று பொருளில்லை. சிபிலிசுக்கு அளவுகோல் இதுதான்: ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குப் பிறவிச் சிபிலிஸ் 50க்கு மேற்படக் கூடாது. அதோடு கர்ப்பிணிகளில் 95 வீதத்தினராவது கிளினிக்குக்கு வந்திருக்க வேண்டும், 95 வீதத்தினராவது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், தொற்றுள்ளவர்களில் 95 வீதத்தினராவது சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்று இலட்சம் அளவில் பிறப்புகள் இருந்த நாட்டில் 150 பிள்ளைகள் இந்த நோயோடு பிறந்திருந்தாலும் கோட்டில் நின்றிருப்போம். நாங்கள் கோட்டுக்கு மிகக் கீழே நின்றோம். அமெரிக்காவைப் பாருங்கள். 2022 இல் அங்கே 3,700க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறவிச் சிபிலிசோடு பதிவானார்கள். பத்தாண்டுக்கு முன் இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பத்துப் பேரில் ஒன்பது பேரை, நேரத்துக்குச் சோதனையும் மருந்தும் கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே எழுதியது. பணம் அங்கே இருக்கிறது. மோட்டர் சைக்கிளில் வீடு தேடி வரும் மருத்துவமாது இங்கே இருக்கிறார்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன். மேலே சொன்ன அளவுகோல்களில் யார் எண்ணப்படுகிறார்கள் என்று கவனித்தீர்களா? கிளினிக்குக்கு வந்த பெண், சோதிக்கப்பட்ட பெண், மருந்து பெற்ற பெண், பிறகு பிள்ளை. அந்தப் பெண்ணுக்குத் தொற்றைக் கொடுத்த ஆளுக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. பெண்ணைச் சோதித்துச் சான்று வாங்கிவிட்டோம். அந்தச் சான்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆணையும் சோதித்தாக வேண்டும்.

சிபிலிஸ் கிருமியின் குடும்பம் வன்னிக்குப் புதிது அல்ல. 1881 இல் குடியேற்ற அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி, இலங்கையின் பறங்கி நோய் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1895 இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றித் தொகுத்த கைநூலை இன்று படித்தாலும், உடைந்த குளங்களும் காய்ச்சலும் புண்ணும் குடிகளைத் தின்ற ஒரு நிலம் கண்முன் வரும். 1905 இல் கொழும்பில் வேலைசெய்த இத்தாலிய வைத்தியர் கஸ்டெலானி அந்தப் பறங்கிப் புண்ணிலிருந்து சுருள் வடிவக் கிருமியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் பேர்லினில் ஷோடினும் ஹொவ்மனும் சிபிலிசின் கிருமியைக் கண்டார்கள். நுணுக்குக்காட்டியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பறங்கி தோலோடு தோல் உரசிப் பரவுவது, பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவது. உடலுறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெனிசிலின் வந்த பிறகு இங்கே அது மறைந்துபோனது.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பறங்கிப் புண்ணோடு வந்த பிள்ளையை யாரும் ஒழுக்க விசாரணை செய்யவில்லை. வறுமை, அழுக்குத் தண்ணீர், பாவம் பிள்ளை என்றார்கள். அதன் உடன்பிறப்பான கிருமி ஒரு பெண்ணின் குருதியில் தெரிந்தால் ஊர் நீதிமன்றமாகிவிடுகிறது.

சிபிலிஸ் எப்படி வேலைசெய்கிறது என்று பார்ப்போம். தொற்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில், சிலருக்கு மூன்று மாதம் வரை சென்று, ஒரு புண் வரும். அது நோகாது. நோகாத புண்ணை யார் பார்ப்பார்கள்? பெண்ணுக்கு அது உள்ளே, கருப்பைக் கழுத்திலோ யோனிச் சுவரிலோ வந்து, அவள் அறியாமலே ஆறிவிடலாம். சில வாரங்கள் கழித்து உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். வெக்கை, ஒவ்வாமை, கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அதுவும் தானாக மறையும். பிறகு கிருமி ஓசையில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். இந்த நிலையில் அந்தப் பெண் வயலுக்குப் போகிறாள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள், கோயிலுக்குப் போகிறாள். ஒரு வருத்தமும் இல்லை. கர்ப்பமாகிறாள்.

கிருமி நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளையின் குருதிக்குள் போகிறது. தாய்க்குத் தொற்று புதிதாக இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து மிக அதிகம். சிகிச்சை இல்லாத கர்ப்பங்களில் பாதி அளவுக்குக் கேட்டில் முடிகின்றன: கருச்சிதைவு, வயிற்றுக்குள்ளேயே சாவு, குறைமாதப் பிறப்பு, பிறந்து சில நாட்களில் மரணம், நோயோடு பிறத்தல். உயிரோடு பிறக்கும் பிள்ளை பலவேளை பார்வைக்கு நல்ல பிள்ளையாகவே இருக்கும். சில வாரங்கள் கழித்து மூக்கிலிருந்து குருதி கலந்த சளி வடியும், ஈரலும் மண்ணீரலும் வீங்கும், குருதிச்சோகை வரும், உள்ளங்கால் தோல் உரியும். எலும்பு நோவதால் பிள்ளை ஒரு கையை அசைக்காது கிடக்கும். கை விளங்கவில்லை என்று தாய் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். ஆண்டுகள் கழித்துக் கண்ணின் கருவிழி மங்கலாம், காது கேளாமற் போகலாம், முன்பல் மரவேலைக்காரனின் திருகாணிபோல் ஒடுங்கி நடுவில் வெட்டோடு முளைக்கலாம்.

வயிற்றிலேயே செத்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் யார் பொறுப்பு? முன்னர் கொத்தியாத்தை என்ற பேய் பொறுப்பு. மருத்துவிச்சி துடக்கு வீட்டில் கொத்தி கழித்துவிடுவாள். இப்போது கொத்தியை நம்புகிறவர்கள் குறைவு. ஆனால் பழி இடம் மாறவில்லை. ‘அவளுக்குப் பிள்ளை தங்காது’ என்று ஒரு வசனம் இருக்கிறது. இரண்டாம் முறையும் பிள்ளை போனால் மாமியார் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போவார். இரண்டு முறை பிள்ளையை இழந்த வீட்டில் கணவனின் குருதியையும் சோதிப்போம் என்று சொன்ன ஒரு மாமியாரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தித்தால் பொன்னாடை போர்த்துவேன்.

இத்தனை கேட்டுக்கும் மருந்து மிகப் பழையது, மிக மலிவானது. 1943 இல் அமெரிக்காவின் ஸ்டேட்டன் தீவில் ஜோன் மஹோனி என்ற வைத்தியர் நான்கு நோயாளருக்குப் பெனிசிலின் கொடுத்துச் சிபிலிசைக் குணமாக்கிக் காட்டினார். இன்றைக்கும் அதே பெனிசிலின்தான். பென்சதீன் பெனிசிலின் 24 இலட்சம் அலகு, பிட்டத் தசையில் ஊசியாக. கொஞ்சம் நோகும். தொற்று புதிது என்றால் ஒரு தரம் போதும். நாட்பட்டது என்றாலோ எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டாலோ வாரத்துக்கு ஒன்றாக மூன்று. கர்ப்பிணிக்கு இதைவிட்டால் நம்பத்தக்க வேறு மருந்து இல்லை. எரித்ரோமைசின் நச்சுக்கொடியைப் போதுமான அளவு கடப்பதில்லை. டொக்சிசைக்கிளினைக் கர்ப்பத்தில் கொடுக்க முடியாது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ள தாயை வைத்தியசாலையில் வைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கி உடலைப் பழக்கிப் பழக்கி அதே மருந்தையே கொடுக்கிறார்கள். நேரமும் முக்கியம். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர் கொடுத்திருந்தால்தான் பிள்ளைக்குப் போதிய சிகிச்சை கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கடைசி மாதத்தில் முதன்முறை கிளினிக்குக்கு வரும் தாய்க்கு ஊசி இருக்கும், நாள் இருக்காது.

மருத்துவமாதின் பெருமை இங்கேதான் இருக்கிறது. தன் பிரிவில் யார் மணம் முடித்தார்கள், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தாயாருக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்திருக்கும். எட்டு வாரத்துக்குள் பதிவு, கர்ப்பிணி அட்டை, குருதி வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிசுக்கான வீ.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. என்று ஒரு சங்கிலி. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பிள்ளை இது. சான்றை வென்றது கொழும்புக் கட்டடம் என்று நினைக்காதீர்கள். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் மழைக்காலச் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பெண்கள் வென்றது.

அந்தச் சங்கிலி வன்னியில் எத்தனை தரம் அறுந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2008 பிற்பகுதியிலிருந்து போரினால் கிளிநொச்சி வைத்தியசாலையே சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். பங்கருக்குள் பிரசவம் நடந்த நாட்களில் வீ.டி.ஆர்.எல். பற்றிப் பேசுவதே அநியாயம். அதன் பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பியவர்கள் தறப்பாளுக்குக் கீழே குடும்பத்தைத் தொடங்கினார்கள். பதிவேடுகள் இல்லை, பழைய அட்டைகள் இல்லை. ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறிலும் பதினேழிலும் கட்டிவைத்த பிள்ளைகள், பதிவில்லாத மணங்கள், காணாமற் போன கணவர்கள். இந்த நிலத்தில் ஏழே ஆண்டுகளில் 95 வீதச் சான்றுக்குள் வன்னியும் அடங்கியது என்றால், அந்தப் பெண்களுக்கு ஒரு நன்றிக் கூட்டமாவது நாங்கள் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

சரி, பெண்ணின் குருதியில் தொற்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவள் ஊசி போட்டுக்கொண்டாள், பிள்ளை காக்கப்பட்டது. கணவரைக் கூப்பிட்டால் அவர் வாயிலிருந்து வரும் முதல் வசனம் எனக்கு மனப்பாடம்: ‘எனக்கு ஒண்டும் இல்லை டொக்டர். மனுசிக்குத்தானே வந்தது.’ அவருக்கும் நோகாத புண்தான் வந்து ஆறியிருக்கும். அவர் சோதிக்காமல் வீட்டுக்குப் போகிறார். சிபிலிசுக்குத் தடுப்பூசி கிடையாது. குணமான உடம்புக்கு மீண்டும் தொற்றும். அடுத்த மாதம் அதே தொற்று அதே கர்ப்பத்துக்குள் திரும்பி வரலாம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த குருதி ‘இல்லை’ என்று சொன்னது ஏழாம் மாதத்துக்குப் பொறுப்பேற்காது. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2024 இல் எல்லாக் கர்ப்பிணிகளையும் மூன்று தரம் சோதிக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

வன்னியில் இது வெறும் பாடப்புத்தக விடயம் அல்ல. கட்டாருக்கும் துபாய்க்கும் போன கணவர் வருகிறார், ஒரு மாதம் நிற்கிறார், போகிறார். கொழும்பில் கட்டட வேலைக்குப் போனவர் பொங்கலுக்கு வருகிறார். மனைவி வெளிநாட்டுக்குப் போய் வந்த வீடுகளும் உண்டு. வெளியே போனவர்கள் எல்லாரும் நோயோடு வருகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ‘வெளியாட்கள் கொண்டுவந்த வருத்தம்’ என்று ஊர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அது எங்கள் வீட்டுக் கதவைப் பார்க்காமல் இருப்பதற்கான வசதியான பேச்சு. முல்லைத்தீவில் விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். வற்றாப்பளையில் கண்ணகைக்குப் பொங்கி வைக்கிறோம். கணவன் தேடிய வினையை மனைவி சுமக்கும் கதை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பம் உடைவது இன்னொரு துயரம். அங்கே ஒரு மருத்துவ உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீ.டி.ஆர்.எல். முதற்படிச் சோதனை மட்டுமே. அது சிபிலிஸ் கிருமியை நேராகப் பிடிப்பதில்லை. மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற வருத்தங்களிலும், சிலவேளை வெறும் கர்ப்பத்திலும்கூட அது பொய்யாக ‘உண்டு’ காட்டும். அதனால்தான் ரீ.பீ.பீ.ஏ. போன்ற இரண்டாவது சோதனையால் உறுதி செய்கிறார்கள். உறுதியான பிறகும், எப்போது, யாரிடமிருந்து என்று அந்தத் தாள் சொல்லாது. மணத்துக்கு முன்னைய தொற்றாக இருக்கலாம். ஒரு தாளை வைத்து மனைவியை அடித்தவனை எனக்குத் தெரியும். சோதித்தபோது தொற்று அவனுக்கும் இருப்பது தெரிந்தது. வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டுப் போனான்.

மற்றத் தொற்றுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. உள்ள இலங்கையர் ஒருவர் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987 இல். சிகிச்சை இல்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து தொற்றைப் பெறும். தாய் மருந்தை ஒழுங்காக எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே, ஒன்று இரண்டுக்குக்கூட இறங்கும். கொனோரியா பிறந்து இரண்டு மூன்று நாளில் பிள்ளையின் கண்ணில் சீழாக வரும். விட்டால் பார்வை போகும். கிளமிடியாவும் கண்ணுக்கு வரும், ஆனால் ஒரு கிழமை பிந்தி. பிறகு நுரையீரலுக்கும் போகும். இவ்விரண்டையும் வீ.டி.ஆர்.எல். காட்டாது. ஆகவே வழக்கத்துக்கு மாறாக வெள்ளைபட்டாலோ சலம் போகும்போது எரிந்தாலோ மருத்துவமாதிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ஹேர்பிஸ் கடைசி மாதத்தில் முதன்முறையாக வந்தால் ஆபத்து. புண் இருக்கும்போது சத்திரசிகிச்சைப் பிரசவமே பாதுகாப்பு. ஹெபடைடிஸ் பி உள்ள தாயின் பிள்ளைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி தேவை. எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது; கையெழுத்துப் போட மறுக்கும் தகப்பன்மார் தயவுசெய்து மறுக்க வேண்டாம்.

நாட்டில் நிலைமை சாய்கிறது. 2022 இல் 607 ஆக இருந்த புதிய எச்.ஐ.வி. பதிவுகள் 2023 இல் 697 ஆயின. அவற்றில் பெரும்பான்மை ஆண்கள். சோதனை அதிகரித்ததும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. 2024 இல் நெதர்லாந்தின் உதவியோடு கிளிநொச்சி வைத்தியசாலையில் பெண்களுக்கான சிறப்பு நிலையம் திறந்தாயிற்று. நல்ல கட்டடம், நல்ல கருவிகள். ஆண்களைச் சோதிக்க அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டியதில்லை. கர்ப்பிணி வகுப்புகளில் ஒரு நாளைக்குக் கணவரையும் வரச் சொல்கிறோம். அன்றைக்கு அவருடைய கையிலும் ஒரு குருதிக் குழாயை நிரப்புங்கள் என்பதே சுகாதார வைத்திய அதிகாரிகளிடம் நான் வைக்கும் கோரிக்கை. புதுமணத் தம்பதியருக்கான நிகழ்ச்சியிலும் இதையே செய்யலாம். கணவர் வெளிநாட்டிலிருந்து வந்து போன கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்தில் இரண்டாவது சோதனை எடுக்க வேண்டும். அவளைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. எல்லாருக்கும் எடுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. சோதனையும் மருந்தும் இலவசம். யாருடைய கடிதமும் தேவையில்லை. தெரிந்தவர்கள் காண்பார்கள் என்று பயமாக இருந்தால் அடுத்த மாவட்டத்துக்குப் போங்கள், பஸ் இருக்கிறது. மனைவி கர்ப்பிணி அட்டையோடு கிளினிக்குக்குப் போகும் நாளில் நீங்களும் கூடப் போய், உங்கள் சட்டைக் கையையும் மடித்துவிடுங்கள்.